விளம்பரம் வந்தா வீடியோ தரம் குறையுமா? ஓடிடி சந்தா கட்டும் முன் இதைக் கவனிங்க!

'விளம்பரத்தோட வர்ற பிளான்னா படம் மங்கலாதான் தெரியும்' என்று நினைக்கிறீர்களா? முழுக்க அப்படி இல்லை.

2022 நவம்பரில் அமெரிக்காவில் நெட்ஃபிளிக்ஸின் விளம்பரத் திட்டம் அறிமுகமானபோது மாதம் 6.99 டாலர், தரம் 720பி மட்டுமே. 2023-ல் அதே விலைக்கு 1080பி கிடைத்தது. ஒரே நேரத்தில் இரண்டு திரைகளிலும் பார்க்கலாம். பார்ப்பவர்கள் கூடினால் விளம்பர வருமானமும் கூடும் அல்லவா?

பிரைம் வீடியோ ரூட் வேறு. அமெரிக்காவில் 2024 ஜனவரியில் விளம்பரம் நுழைந்தது. தவிர்க்க அப்போது மாதம் 2.99 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்தது. கட்டாதவர்களுக்கு அப்போது டால்பி விஷன், டால்பி அட்மாஸ் இரண்டும் கட் ஆயின!

ஆக, 'விளம்பரம் உண்டா?' என்பதோடு நிறுத்தாதீங்க. ரெசல்யூஷன், சவுண்டு, எத்தனை திரை என மூணையும் பாருங்க. போனில் மட்டும் பார்த்தால் 720பி-யே போதும்; பெரிய டிவியில்தான் வித்தியாசம் பளிச்செனத் தெரியும்.