நாடக மணிமுடி

முடி என்னும் சொல் தமிழில் பல பொருள் தருவது. தலைமயிரும் முடி, மலையின் உச்சியும் முடி, மன்னர் சென்னியில் விளங்கும் மகுடமும் முடி. சேர சோழ பாண்டியரை முடியுடை மூவேந்தர் என வழங்குதல் நம் மரபு. இன்று முடிவேந்தர் இலர். ஆயினும் கோயிலிலும் ஆடரங்கிலும் முடி இன்னும் வாழ்கின்றது. திருவரங்கத்து நம்பெருமாள் விழாக்காலங்களில் பாண்டியன் கொண்டை என்னும் மணிமுடி புனைந்து காட்சியளிப்பார். அங்கே வைகுண்ட ஏகாதசித் திருவிழாவில் அரையர்கள் கூம்பு வடிவக் குல்லாய் அணிந்து திவ்வியப் பிரபந்தத்தை ஓதி அபிநயம் புரிவர். வடமாவட்டங்களில் ஆடப்பெறும் கட்டைக்கூத்து அப்பெயர் பெற்றதும், அரசவேடத்தார் அணியும் முடி, புயவணி முதலிய மரக்கட்டை அணிகளாலேயே ஆகும். அவ்வணிகளை எடை குறைந்த கலியாண முருங்கை மரத்தில் செதுக்குவர்.

மாணவர்களே! பள்ளி நாடகத்திற்கு முடி செய்ய மரமும் வேண்டா, பொன்னும் வேண்டா. பழைய தாளும் பசையும் போதும். ஆனால், இவற்றினும் இன்றியமையாதது ஒன்று உண்டு. அதனை யான் கற்றுக்கொண்ட வரலாற்றை முதலில் கூறுகின்றேன்.

பல்லாண்டுகட்கு முன், யான் தமிழாசிரியனாக இருந்த பள்ளியின் ஆண்டு விழாவில் சிலப்பதிகார வழக்குரை காதையை நாடகமாக்கினோம். பாண்டியன் முடியை மாணவர் இருவர் தாளால் செய்தனர். “ஐயா, உட்புறம் இன்னும் ஈரமாக இருக்கிறது, இரண்டு நாள் பொறுக்கலாமா?” என்று அவருள் ஒருவன் கேட்டான். விழா நெருங்கிவிட்டமையால், “மேலே பொன்வண்ணம் பூசிவிடு, யார் காணப் போகிறார்கள்?” என்றேன். அரங்கில் விளக்கின் வெப்பமும் வியர்வையும் கூடின. தவறிழைத்ததை உணர்ந்த பாண்டியன் நடுங்கி நிற்கும் வேளையில், முடி குழைந்து அவன் மூக்கின்மேல் சரிந்தது. கண்ணீர் பெருக வேண்டிய அவையில் சிரிப்பொலி எழுந்தது. பாண்டியனாக நடித்த சிறுவன் திரைக்குப் பின்னே சென்று அழுதான். பிழை அவனுடையது அன்று, முடி செய்தவருடையதும் அன்று, என்னுடையதே.

இனி, முடி செய்யும் முறையைக் காண்போம். முதலில் நூலால் தலையின் சுற்றளவை அளத்தல் வேண்டும். பின்னர் உள்ளே துணி ஒட்டுதற்குரிய இடமும் விட்டு, களிமண்ணால் அச்சு அமைக்க வேண்டும். காவிரிக் கரையில் வாழ்வார்க்குக் களிமண் அரிதன்று. அச்சு அடி அகன்றும் நுனி குறுகியும் இருத்தல் வேண்டும். இன்றேல் காய்ந்த தாள் அச்சினின்றும் கழலாது. அச்சின்மேல் எண்ணெய் தடவி, முதற் படையை நீரில் நனைத்த தாளாலும், அடுத்த படைகளைப் பசையில் தோய்த்த தாட்கீற்றுகளாலும் அமைக்கவேண்டும். ஒரு படை நெடுக்காகவும் மறுபடை குறுக்காகவும் அமையின், நெய்த துணி போல வலிமை உண்டாகும். ஆறேழு படைகள் போதும். இரண்டு படைக்கு ஒருமுறை நன்கு உலரவிடுதல் வேண்டும்.

உலர்ந்த தாளின் மேற்பரப்பு மேடும் பள்ளமுமாக இருக்கும். அதனை நேரே தேய்த்தால் நார் கிளம்பிப் பஞ்சாகும். ஆதலின் முதலில் பள்ளத்தை நிரப்புதலே முறை. சுண்ணக்கட்டிப் பொடியைத் தச்சர் வழங்கும் வெள்ளைப் பசையுடன் குழைத்தால் ‘மக்கு’ கிடைக்கும். இதனை ஒரே தடவையில் தடிப்பாக அப்புதல் கூடாது. ஏனெனில், நீர் ஆவியாகும்போது மக்கு சுருங்கும். தடித்த பூச்சின் மேற்புறம் முன்னரே காய்ந்து, உள்ளே பின்னர்ச் சுருங்குவதால் வெடிப்பு உண்டாகும். மெல்லிய பூச்சாகப் பூசி, உலர்த்தி, மீண்டும் பூசுதலே நன்று.

அடுத்தது தேய்த்தல். இதற்கு உதவுவது தச்சர் கையாளும் உப்புத்தாள். அதன் பின்புறத்தில் எண் அச்சிடப்பட்டிருக்கும். எண் சிறிதாயின் மணல் பெரிது, எண் பெரிதாயின் மணல் நுண்ணிது. முதலில் 80ஆம் எண், பின்னர் 120, முடிவில் 220 என்னும் வரிசையில் தேய்த்தல் வேண்டும். முன்னைத் தாள் இட்ட கீறலைப் பின்னைத் தாள் போக்கும். திருச்சிராப்பள்ளியில் செயற்கை மணிகளைப் பட்டை தீட்டுவோர் மேற்கொண்டு வந்த நெறியும் இதுவே: பருமையிற் தொடங்கி நுண்மையில் முடித்தல். தேய்க்குங்கால் எழும் தூசி மூச்சிற் புகாதவாறு மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ளுங்கள். திறந்த வெளியில் அமர்ந்து செய்யுங்கள். பிறகு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பாருங்கள். கண் காணாத பள்ளத்தை விரல் காணும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால், நிழல் குறையைக் காட்டிக்கொடுக்கும்.

இறுதியாகப் பூவேலை. நூற்கயிற்றைப் பசையில் தோய்த்துக் கொடியாக வளைத்து ஒட்டலாம். புளியங்கொட்டைகளை மணிகளாகப் பதிக்கலாம். குன்றிமணி அழகுடையதாயினும் நஞ்சுடையது, அதனை விலக்குக. தஞ்சாவூர் ஓவியத்தில் அணிகலன்கள் புடைத்துத் தோன்றுவதும் சுண்ணப்பொடியும் பசையும் கலந்த குழம்பினாலேயாம். அவ்வாறே நீங்களும் கூரிய முனையுள்ள தாட்கூம்பில் மக்கை இட்டுப் பிழிந்து கோலம் வரையலாம். எல்லாம் உலர்ந்தபின் முதலில் மஞ்சள் வண்ணமும், அதன்மேல் பொன்வண்ணமும் பூசுக. உட்புறத்தில் மெல்லிய துணி ஒட்டினால் நெற்றி உறுத்தாது.

பொன்வண்ணம் குறையை மறைக்கும் என்று எண்ணுவார் பலர். உண்மை அதற்கு மாறானது. ஒளிவிடும் பரப்பே சிறு கீறலையும் பெரிதாக்கிக் காட்டும். காண்போர் பொன்வண்ணத்தை வியப்பர். அதன் கீழுள்ள உழைப்பை அறியார். எனினும், அவ்வுழைப்பே முடியைத் தாங்குவது. பதறாத காரியம் சிதறாது என்பது பழமொழி. அன்று சிரிப்பொலிக்கு நடுவே அழுத சிறுவனின் முகம் எனக்கு அதனைக் கற்பித்தது. ‘உட்புறம் ஈரம்’ என்று உங்களுள் ஒருவன் கூறுவானாயின், அவன் சொல்லுக்குச் செவி சாயுங்கள்.