அடித்த பந்து எங்கே?

கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கிறது. எதிர்ச் சுவர் காலண்டரில் கிழமைகூடக் கண்ணாடி இல்லாமல் தெரிகிறது. டாக்டர் சொன்ன வாரங்கள் கழிந்ததும் பழையபடி விடிகாலையில் கோல்ஃப் ஆடக் கிளம்பியாகிவிட்டது. ஓராண்டோ ஈராண்டோ ஒரு குறையும் இல்லை. பிறகு மெல்ல ஒரு தொந்தரவு. அடித்த பந்து எழும்புவது தெரிகிறது, பாதி வழியில் எங்கோ மறைந்துவிடுகிறது. விழுந்த இடத்தை மட்டைப் பை சுமக்கும் கேடியிடம்தான் கேட்க வேண்டியிருக்கிறது. எதிர்வெயிலில் இன்னும் மோசம். இந்த நிலைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: "புரை திரும்ப வந்துடுச்சு."

வரவில்லை. வரவும் முடியாது. ஏன் என்று நிதானமாகப் பார்ப்போம். டீ ஆறினால் இன்னொரு கிளாஸ் போட்டுக்கொள்ளலாம்.

கண்ணுக்குள் பிறவியிலேயே இருக்கும் லென்ஸை ஒரு நுங்காக நினைத்துக்கொள்வோம். மெல்லிய தோல், உள்ளே தெளிந்த சதை. வயதாக ஆக அந்தச் சதை கலங்குவதுதான் புரை. ஆபரேஷனில் டாக்டர் முன்பக்கத் தோலை மட்டும் சுமார் 5 மில்லிமீட்டர் அகலத்துக்கு வட்டமாகத் திறக்கிறார். கலங்கிய சதையை வெளியே எடுக்கிறார். காலியான தோல் பைக்குள் செயற்கை லென்ஸைப் பொருத்துகிறார். பின்பக்கத் தோலை அவர் தொடுவதில்லை. நுங்கை விரலால் நோண்டிச் சாப்பிட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: எவ்வளவு பார்த்து எடுத்தாலும் ஓரத்தில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டுதான் இருக்கும். கண்ணிலும் அப்படியே. பையின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சில செல்களை எந்தக் கைதேர்ந்த டாக்டராலும் முழுக்கத் துடைத்தெடுக்க முடியாது.

நம் பிரச்சினை அந்தச் செல்களில்தான் இருக்கிறது. அவை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், மெதுவாக வளர்ந்து பின்பக்கத் தோலின் மேல் பரவுகின்றன. கண்ணாடிபோல் தெளிவாக இருந்த தோல் மங்குகிறது. "பின்னாடி படலம் படிஞ்சிருக்கு" என்று கண் ஆஸ்பத்திரியில் சொல்வது இதைத்தான். புரை வர வேண்டுமென்றால் பழைய சதை இருக்க வேண்டும். அதுதான் போய்விட்டதே. செயற்கை லென்ஸே மங்குவது மிக அரிது. "ஆபரேஷனைச் சரியாகச் செய்யவில்லை" என்ற மனக்குறையும் பெரும்பாலும் நியாயமில்லாதது. நன்றாகச் செய்த கண்ணிலும் படலம் வரும். பின்விளிம்பைக் கூராக வெட்டிய லென்ஸ்கள் வந்த பிறகு செல்கள் நடுவுக்கு ஊர்ந்து வருவது குறைந்திருக்கிறது. ஆனாலும் அடியோடு நிற்கவில்லை.

அப்படியென்றால் அந்தத் தோலையும் சேர்த்து எடுத்துவிடலாமே? ஒரு காலத்தில் அப்படித்தான் எடுத்தார்கள். நம் தாத்தாக்களில் பலருக்கு லென்ஸ் தோலோடு வெளியே வந்தது, அதனால் பின்னால் படலம் என்ற பேச்சே இல்லை. பதிலுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி வந்தது. செயற்கை லென்ஸைத் தாங்கிப் பிடிப்பதும், கண்ணின் பின்பாதியில் உள்ள கூழ் முன்னால் வராமல் தடுப்பதும் அந்தத் தோல்தான். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் துணையாக 1992-இல் தொடங்கிய ஆரோலேப் செயற்கை லென்ஸை மலிவாகச் செய்துகொடுத்ததால், சாதாரணக் குடும்பங்களிலும் அந்தத் தடித்த கண்ணாடி கழன்றது. அந்தப் பெரிய நன்மையோடு ஒட்டிக்கொண்டு வந்த சின்னத் தொல்லை இந்தப் படலம்.

சரி, இது ஏன் கோல்ஃப் மைதானத்தில் முதலில் தெரிகிறது? ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். கோல்ஃப் பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டர். அது 150 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது நம் கண்ணில் ஏறக்குறைய ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவே பிடிக்கும். 6/6 பார்வை உள்ளவரால் பிரித்தறிய முடிந்த மிகச் சிறிய அளவும் அதுதான். 200 மீட்டரில் பந்து அதையும்விடச் சிறியது. பிறகு எப்படித் தெரிகிறது? வெள்ளைக்கும் பச்சைக்கும் உள்ள வேறுபாட்டால். அந்த வேறுபாடு இருக்கும்வரை பந்து ஒரு புள்ளியாகத் தெரியும்.

படலம் கெடுப்பது இந்த வேறுபாட்டைத்தான். உள்ளே வரும் வெளிச்சம் அதில் பட்டுச் சிதறி, விழித்திரை முழுவதும் மெலிதாகப் பரவுகிறது. பந்தின் வெள்ளை கொஞ்சம் மங்குகிறது, புல்லின் பச்சை கொஞ்சம் வெளுக்கிறது. இரண்டும் நெருங்கியதும் பந்து காணாமல் போகிறது. குழி இருக்கும் கிரீனில் புல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, தரை எங்கே சரிகிறது என்பதையும் மெல்லிய நிழல் வேறுபாட்டைக் கொண்டுதான் படிக்கிறோம். அதுவும் போய்விடுகிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்தைக் காட்டினால் கடைசி வரிவரை படித்துவிடுவோம். "பார்வை நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். அதைக் கேட்டுத் திரும்பிவிடக் கூடாது. "நான் கோல்ஃப் ஆடுகிறேன். எதிர்வெயிலில் பந்து மறைகிறது, கிரீனில் சரிவு தெரியவில்லை" என்று சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் டாக்டர் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்ப்பார்.

படலம்தான் காரணம் என்று உறுதியானால் வைத்தியம் எளிது. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு, கருவியின் முன் உட்காரவைப்பார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் அழுத்திக்கொள்ள வேண்டும். குறிபார்க்கச் சிவப்பு ஒளி வரும். பிறகு 'டிக், டிக்' என்று மெல்லிய சத்தம். யாக் லேசரின் ஒவ்வொரு துடிப்பும் பின்பக்கத் தோலில் நுண்ணிய துளை போட, நடுவில் ஒரு ஜன்னல் திறக்கும். கத்தி இல்லை, தையல் இல்லை, சில நிமிட வேலை. அன்று மாலைவரை கண் கூசும், வண்டி ஓட்டக் கூடாது. திறந்த ஜன்னல் மறுபடி மூடுவது அபூர்வம். வெளிக்காயம் இல்லாததால் ஆபரேஷனுக்குப் பின் காத்திருந்ததுபோல் வாரக்கணக்கில் மைதானத்தை விட்டு விலகி இருக்க வேண்டியதும் பொதுவாக இராது.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். தூரம், கிட்டம் இரண்டுக்கும் சேர்த்து வைக்கும் மல்டிஃபோகல் லென்ஸ் வெளிச்சத்தைப் பங்கு போடுவதால், சிலருக்கு வேறுபாடு தெரிவது குறையும், விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். தொந்தரவு ஆபரேஷன் முடிந்த முதல் வாரத்திலிருந்தே இருந்தால் சந்தேகம் அந்த லென்ஸின் மேல் விழ வேண்டும். அதை மாற்றும் யோசனை இருந்தால், லேசருக்கு முன்னாலேயே பேசி முடிவு செய்வது நல்லது. பின்தோலில் ஜன்னல் திறந்த பிறகு லென்ஸை மாற்றுவது சிக்கலான வேலை.

இன்னொன்று வெறும் கண்ணாடிச் சமாச்சாரம். ஆபரேஷனுக்குப் பின் புரோகிரசிவ் கண்ணாடி போட்டவர், காலடியில் உள்ள பந்தைக் குனிந்து பார்க்கும்போது படிப்பதற்கான கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கிறார். அது ஒரு முழத் தூரத்துக்கானது, பந்தோ கண்ணிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர். மங்காமல் என்ன செய்யும்? ஆட்டத்துக்கென்று தூரப் பார்வைக் கண்ணாடி ஒன்று தனியாக வைத்துக்கொண்டால் போதும்.

படலம் மெதுவாக வருவது, வலிக்காதது. திடீரென்று வருவது வேறு. கண்ணோரம் மின்னல் வெட்டுவதுபோல் ஒளி, மளமளவென்று கரும்புள்ளிகள், ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்குவதுபோல் இருட்டு என்றால் விழித்திரை கிழிந்து பிரிகிறதோ என்று பார்த்தாக வேண்டும். புரை ஆபரேஷன் ஆன கண்ணிலும், லேசர் செய்த கண்ணிலும், கிட்டப்பார்வை அதிகம் உள்ளவர்களுக்கும் இந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல். 18 குழியில் மூன்றுதான் பாக்கி என்றாலும் மட்டையை வைத்துவிட்டு அன்றைக்கே கண் டாக்டரிடம் போக வேண்டும். விழித்திரையின் நடுப்பகுதி பிரிவதற்கு முன்பே ஒட்டவைத்துவிட்டால் பார்வை நன்றாக மிஞ்சும். தூங்கி எழுந்து பார்க்கலாம் என்று விட்டால் அந்த நடுப்பகுதியே பிரிந்துவிடக்கூடும்.