ஓநாய்க்கும் தடுப்பூசி!

ஓநாயும் ஆட்டுக்குட்டியும் கதையைக் கேட்காத பிள்ளை நம்மிடையே இருக்க முடியாது. கதையில் ஓநாய்தான் வல்லவன். ஆனால் உண்மைக் காட்டில் ஓநாயின் பாடு அவ்வளவு சுகமானதன்று. காட்டில் பிறக்கும் ஓநாய்களில் பல, ஐந்தாறு வயதைக் காணுமுன்பே மாண்டுபோகின்றன. அவற்றைக் கொல்வது எது?

பசியும் பகையும்

ஓநாய்க் கூட்டம் என்பது ஒரு குடும்பம். தாய், தகப்பன், அவற்றின் பிள்ளைகள். பெரிய மானையும் காட்டெருமையையும் துரத்தும்போது உதைபட்டு விலா எலும்பு முறிந்து சாகும் ஓநாய்கள் உண்டு. இரை கிடைக்காத காலத்தில் பட்டினியால் சாவதும் உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வனப் பூங்காவில் 1995-ஆம் ஆண்டு கனடாவிலிருந்து ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள். அங்கே இயற்கையாக நேரும் சாவுகளில் முதலிடம் எதற்குத் தெரியுமா? எல்லைத் தகராறுதான்! ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தின் ஓநாயைக் கடித்துக் கொன்றுவிடுகிறது. பூங்காவுக்கு வெளியே போனால் மனிதனின் துப்பாக்கி காத்திருக்கிறது.

இவையெல்லாம் ஒன்றிரண்டாகக் கொல்பவை. அடுத்த ஆண்டு குட்டிகள் பிறந்து கணக்கு நேராகிவிடும். கூட்டத்தையே வாரிக்கொண்டு போவது நோய்தான்.

அன்பே ஆபத்து

வேட்டையிலிருந்து திரும்பும் ஓநாயை மற்றவை ஓடிவந்து முகத்தை நக்கி வரவேற்கும். தின்ற இறைச்சியைக் கக்கிக் குட்டிகளுக்கு ஊட்டும். ஒன்றையொன்று ஒட்டிப் படுக்கும். ஆகவே ஒன்றுக்கு வந்த நோய் எல்லாவற்றுக்கும் வந்துவிடுகிறது. யெல்லோஸ்டோனில் 1999, 2005, 2008 ஆகிய ஆண்டுகளில் டிஸ்டெம்பர் நோய் பரவி ஏராளமான குட்டிகள் மடிந்தன. சொறி பிடித்த ஓநாய்க்கோ முடி உதிர்ந்துவிடும். பனிக்காலக் குளிரே அதற்கு எமனாகும். இந்தச் சொறியை மனிதனே பரப்பிய கொடுமையும் நடந்தது. ஓநாய்களை ஒழிப்பதற்காக, பிடிபட்டவற்றுக்குச் சொறியை ஏற்றிக் காட்டில் விடும்படி 1905-இல் மொண்டானா மாநிலம் சட்டமே போட்டது.

வீட்டு நாய் கொண்டுவந்த வினை

அமெரிக்காவில் ஐல் ராயல் என்று ஓர் ஏரித்தீவு இருக்கிறது. 1980-இல் அங்கே 50 ஓநாய்கள் இருந்தன. இரண்டே ஆண்டுகளில் 14 ஆகக் குறைந்தன. தடையை மீறி யாரோ கூட்டி வந்த நாயிடமிருந்து பார்வோ என்ற நோய் தொற்றியதே காரணம் என்று கருதுகிறார்கள்.

எத்தியோப்பியாவின் பாலே மலையில் நடந்தது இதைவிடப் பரிதாபம். உலகிலேயே சுமார் 500 மட்டும் எஞ்சியுள்ள ஓர் ஓநாய் இனம் அந்நாட்டு மலைகளில் வாழ்கிறது. மாடு மேய்ப்பவர்கள் காவலுக்குக் கூட்டிவரும் நாய்களிடமிருந்து வெறிநோய் பரவி, 1990-களின் தொடக்கத்திலும் 2003-இலும் கூட்டம் கூட்டமாக ஓநாய்கள் செத்தன. உடனே ஆராய்ச்சியாளர்கள் பக்கத்துப் பள்ளத்தாக்கு ஓநாய்களைப் பிடித்து ஊசி போட்டு, நோயைத் தடுத்து நிறுத்தினார்கள். 2018 முதல் ஆட்டிறைச்சிக்குள் மருந்தை வைத்தும் கொடுக்கிறார்கள். அதோடு, சுற்றியுள்ள கிராமத்து நாய்களுக்கும் ஊசி போடுகிறார்கள். ஓநாயைக் காப்பாற்ற வீட்டு நாயைக் கவனிக்க வேண்டியிருக்கிறது!

நமக்கு இதில் என்ன?

மலேசியாவில் ஓநாய் கிடையாது. ஆனால் அதற்கு உறவான செந்நாய் உண்டு. மலாய்க்காரர்கள் 'அஞ்சிங் ஹூத்தான்' என்பார்கள். தாமான் நெகாரா போன்ற பெருங்காடுகளில் கூட்டமாக வாழ்கிறது. தமிழ்நாட்டில் முதுமலையிலும் ஆனைமலையிலும் இருப்பது இதே இனம்தான். உலகம் முழுவதும் இனப்பெருக்க வயதில் இருப்பவை 2,500-க்கும் குறைவு என்று மதிப்பிடுகிறார்கள். இரை குறைவதும் கண்ணி வைப்பதும் போலவே, நாய்களின் நோயும் செந்நாய்க்கு எதிரி.

காட்டு விலங்கு கிடக்கட்டும், நம் பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள். 2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநோய் தலைகாட்டியது. சரவாக்கில் 2017 முதல் இந்நோய்க்கு 60-க்கும் மேற்பட்டோர் பலியாகியுள்ளனர். அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது.

ஜாசினாகட்டும், அலோர் காஜாவாகட்டும், நாய் இல்லாத தோட்டம் ஏது? தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்குக் குடிபோகும்போது, "அது எப்படியாவது பிழைத்துக்கொள்ளும்" என்று நாயை விட்டுவிட்டுப் போகாதீர்கள். பசித்த நாய் காட்டோரம் திரியும்; நோயை வாங்கும், நோயைக் கொடுக்கும். குட்டி நாய்க்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஸ்டெம்பர், பார்வோ ஊசிகளைத் தொடங்கி, மிருக வைத்தியர் சொல்லும் நாளில் மறு ஊசியும் போடுங்கள். வெறிநோய் ஊசி பற்றியும் அவரிடமே கேளுங்கள்.

எந்த நாய் கடித்தாலும் மஞ்சளோ சுண்ணாம்போ அப்ப வேண்டாம். ஓடும் தண்ணீரில் சவுக்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் நன்றாகக் கழுவுங்கள். பிறகு தாமதிக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். கடித்தது பக்கத்து வீட்டு நாய்தானே என்று சும்மா இருந்துவிடாதீர்கள்.