எல்லாரும் என்னையே பாக்கறாங்க!

நியூயார்க் நகரத்தின் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்கா. 19 வயசுப் பையன் ஒருவனுக்குப் பெண்களிடம் பேச மகா கூச்சம். தனக்குத் தானே ஓர் உத்தரவு போட்டுக்கொண்டான்: பெஞ்சில் தனியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தால், அதே பெஞ்சில் போய் உட்கார வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் பேசிவிட வேண்டும்!

ஒரே மாசத்தில் 130 பெண்கள்! 30 பேர் உடனே எழுந்து போய்விட்டார்கள். 100 பேர் பேசினார்கள். ஒரே ஒருத்தி மறுபடி சந்திக்கச் சம்மதித்தாள்... அவளும் வரவில்லை!

மார்க் போட்டால் முட்டைதான். ஆனால் பயம் போய்விட்டது. வானம் இடிந்து விழவில்லை, யாரும் போலீஸைக் கூப்பிடவில்லை! அந்தப் பையன்தான் 1955-ல் புதிய மனநல சிகிச்சை முறையை உருவாக்கிய டாக்டர் ஆல்பர்ட் எல்லிஸ். பின்னாளில், கூச்சப்படுகிறவர்களை வாழைப்பழத்தில் கயிறு கட்டி, நாய்க்குட்டி மாதிரி தெருவில் இழுத்துப் போகச் சொன்னவர்!

(நம்ம ஊர் பூங்காவில் அந்த பெஞ்ச் பரீட்சை வேண்டாம் ஸார். 131-வது ஆள் மகளிர் போலீஸாக இருக்கலாம்!)

இதை நான் தேடிப் படித்தது என் அக்கா பையனுக்காக. நிச்சயமான பெண்ணோடு ஹோட்டலுக்குப் போனவன், அவளைத் தவிர மற்ற எல்லா டேபிளையும் பார்த்திருக்கிறான். அவள் வீட்டுக்குப் போய், "அவருக்கு என்னைப் பிடிக்கலை போலிருக்கும்மா" என்று அழுதிருக்கிறாள். கல்யாணமே ஆட்டம் கண்டது!

"எல்லாரும் என்னையே பாக்கறாங்க மாமா!"

"சரிடா, பக்கத்து டேபிள்காரர் என்ன கலர் சட்டை?"

"கவனிக்கலை மாமா... சட்னி சட்டையில சிந்திடுமோன்னு பயத்துல இருந்தேன்."

"அவருக்கும் சட்டை, சட்னி எல்லாம் இருக்கே!"

2000-ம் வருஷம் கார்னெல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தே காட்டினார்கள். பாடகர் பாரி மணிலோவின் முகம் போட்ட, மாணவர்கள் போடவே வெட்கப்படும் டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, ஒவ்வொருவராக ஓர் அறைக்குள் அனுப்பினார்கள். 'கிட்டத்தட்ட பாதிப் பேர் கவனித்திருப்பார்கள்' என்று நினைத்தார்கள் போட்டவர்கள். கவனித்ததோ சுமார் கால்வாசிப் பேர்தான்!

பையனுக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று. "தைரியமா இருக்கணும்னு முயற்சி பண்ணாதே. அந்தப் பொண்ணு என்ன பேசறான்னு காது கொடுத்துக் கேளு. வீட்டுக்கு வந்ததும் அவ சொன்னதுல மூணு விஷயம் நீ எனக்குச் சொல்லணும்." மூன்று கேட்டேன். அடுத்த வாரம் முக்கால் மணி நேரம் போனில் பேசித் தீர்த்துவிட்டான்!

மனநல நிபுணர்கள் சொல்வதும் இதுதான்: கவனத்தை உங்கள் மேலிருந்து எடுத்து, எதிரில் இருப்பவர் மேல் வையுங்கள். வீட்டை விட்டு வெளியே வரவே முடியாத அளவுக்குக் கூச்சம் என்றால், தயங்காமல் டாக்டரைப் பாருங்கள். அதற்கும் சிகிச்சை உண்டு.

மற்றபடி, அடுத்த கல்யாண வீட்டில் தைரியமாகத் தனியாக நுழையுங்கள். நீங்கள் வந்ததை யாரும் பார்க்கப் போவதில்லை. அத்தனை கண்களும் பந்தியில் எந்த நாற்காலி காலியாகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கும்!