பழைய காரின் எச்சரிக்கை விளக்குகளும் டைமிங் சங்கிலியும்

அரியலூர் மாவட்டத்தில் கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்துள்ளது திருமானூர். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமையிடமாகிய இவ்வூரையும் இதன் சுற்றுப்புறக் கிராமங்களையும் சேர்ந்தவர்கள் பெரிய மருத்துவத்தை நாடினால், வடக்கே அரியலூருக்குச் செல்லவேண்டும். அல்லது கொள்ளிடப் பாலத்தைக் கடந்து திருவையாறு வழியாகத் தஞ்சாவூரை அடையவேண்டும். இக்கிராமங்களில் இன்று ஓடும் கார்களில் பல, நகரத்தில் ஒருவர் ஓட்டித் தேய்த்தபின் இரண்டாம் கை, மூன்றாம் கையாக வந்து சேர்ந்தவை. பிரசவ வேதனையுற்ற பெண்ணையோ, பாம்பு தீண்டியவரையோ ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் புறப்படுவதும் சில வேளை இத்தகைய வண்டியில்தான். பாலத்தை நெருங்கும் சமயம் ஓட்டுபவர் கண்ணெதிரே சிவப்பு விளக்கு ஒன்று எரியத் தொடங்குகிறது. அவர் நிறுத்துவதா, போவதா?

எந்த விளக்கு என்று அறியாதவருக்கு இக்கேள்விக்கு விடையில்லை. அஞ்சி எல்லா விளக்குக்கும் நிறுத்துபவர் நோயாளியை வீணே காக்க வைக்கிறார். எதற்கும் நிறுத்தாதவர் நடுவழியில் எஞ்சினையே இழக்கிறார். ஆகையால் கார் வைத்திருப்போரும், அவசரத்திற்கு அதனை நம்பியிருக்கும் ஊராட்சி மன்ற உறுப்பினர்களும் இவ்விளக்குகளின் பொருளைத் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

முதலில் ஓர் எளிய சோதனை. சாவியைத் திருப்பி, எஞ்சினை இயக்காமல் விளக்குகளைப் பாருங்கள். எண்ணெய், பாட்டரி, எஞ்சின் ஆகியவற்றின் அடையாள விளக்குகள் எரிய வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அவை அணைய வேண்டும். சாவியைத் திருப்பும்போதே ஒரு விளக்கு எரியவில்லையெனில், குறை இல்லையென்று மகிழ்வது தவறு. பல்பு போயிருக்கலாம், அல்லது விற்பவர் அதனைக் கழற்றியிருக்கலாம். அதனைவிடச் சாமர்த்தியமான சிலர், எண்ணெய் விளக்கின் கம்பியைப் பாட்டரி விளக்கோடு இணைத்து, இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும்படி செய்துவிடுவதும் உண்டு. பழைய கார் வாங்கச் செல்பவர் வர்ணத்தைத் தடவிப் பார்ப்பதற்கு முன் இச்சோதனையைச் செய்வாராக.

பொதுவாகச் சிவப்பு விளக்கு உடனே கவனிக்க வேண்டியது. மஞ்சள் விளக்கு விரைவில் கவனிக்க வேண்டியது. சிவப்பிலும் முதலிடம் எண்ணெய்க் குவளை வடிவுள்ள விளக்கிற்கே. இது எண்ணெயின் அளவைக் காட்டுவது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் இது காட்டுவது எண்ணெயின் அழுத்தத்தை. எஞ்சினுள் வேகமாகச் சுழலும் தண்டுகளும் அவற்றைத் தாங்கும் பேரிங்குகளும் ஒன்றையொன்று தொடாதவாறு இடையில் மெல்லிய எண்ணெய்ப் படலம் நிற்கிறது. பம்பு செலுத்தும் அழுத்தமே அப்படலத்தைக் காக்கிறது. அழுத்தம் போயின், உலோகம் உலோகத்தில் உரசிச் சில நிமிடங்களில் எஞ்சின் இறுகிவிடக்கூடும். எனவே ஓடும்போது இவ்விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க வேண்டும். அடுத்த ஊர் வரை போய்ப் பார்ப்போம் என்பதற்கு இங்கே இடமில்லை. சமதரையில் சிறிது நேரம் கழித்து அளவுக்கம்பியை இழுத்துப் பாருங்கள். எண்ணெய் குறைந்திருந்தால் ஊற்றி இயக்கலாம். விளக்கு அணைந்தால் மெதுவாகச் செல்லலாம். அளவு சரியாக இருந்தும் விளக்கு எரிந்தால் வண்டியைக் கட்டி இழுப்பதே வழி. நோயாளி இருப்பின் 108-க்குச் சொல்லிவிட்டு, பின்னால் வரும் வண்டியை நிறுத்தி ஏற்றி அனுப்புங்கள்.

எஞ்சின் சூடேறியபின், நின்ற நிலையில் ஓடும்போது மட்டும் அவ்விளக்கு மின்னி, வேகம் கூட்டினால் அணைகிறதா? எண்ணெய் நீர்த்திருக்கலாம், பம்போ பேரிங்குகளோ தேய்ந்திருக்கலாம், உணரியே கெட்டிருக்கலாம். உணரியைக் கழற்றி அவ்விடத்தில் அழுத்தமானியை மாட்டி அளந்து பார்த்தபின்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும். அளக்காமலே எஞ்சினை இறக்கச் சொல்லும் பட்டறையாரிடம் அளவு என்னவென்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பாட்டரி விளக்கு எரிந்தால் மின்னூட்டம் நின்றது என்று பொருள். பகலில் சிறிது தூரம் செல்லலாம். ஆனால் அம்பாசிடர் போன்ற வண்டிகளில் மின் உற்பத்திக் கருவியைச் சுழற்றும் ஃபேன் பெல்ட்டே தண்ணீர்ப் பம்பையும் சுழற்றுகிறது. பெல்ட் அறுந்து அவ்விளக்கு எரிந்ததாயின், வெப்பமும் உடனே ஏறும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்து வெந்நீரால் முகம் வெந்தவர்கள் உண்டு. ஆறும்வரை அதனைத் தொடலாகாது.

எஞ்சின் வடிவுள்ள மஞ்சள் விளக்கு பழைய அம்பாசிடரில் கிடையாது. இந்தியாவில் பி.எஸ். 4 தரமுள்ள கார்களுக்கு, தன் குறையைத் தானே பதிவு செய்யும் அமைப்பு 2010-இல் முதற்கட்டமாகவும் 2013-இல் இரண்டாம் கட்டமாகவும் கட்டாயமாக்கப்பட்டது. நிலையாக எரியும் மஞ்சள் விளக்கு, கணினி ஏதோ ஒரு குறையைப் பதிந்துகொண்டது என்பதைக் காட்டும். வண்டி வழக்கம்போல் இழுத்தால் ஊர் போய்ச் சேரலாம். பெட்ரோல் வண்டியில் அது விட்டுவிட்டு மின்னினால், சிலிண்டர் ஒன்றில் எரிபொருள் சரிவர எரியவில்லை. வேகத்தைக் குறைத்து நிறுத்த வேண்டும். ஸ்டியரிங்கின் அடியிலுள்ள 16 முனை இணைப்பில் ஸ்கேனரைச் செருகினால் குறையின் எண் தெரியும். அவ்வெண் எந்த உதிரிப்பாகத்தை வாங்குவது என்று சொல்வதில்லை. எங்கே தேடுவது என்று மட்டுமே சொல்லும். சான்றாக, பி-0016 என்பது கிராங்க் தண்டும் கேம் தண்டும் தம்முள் ஒத்துச் சுழலவில்லை என்பதைக் குறிக்கிறது. உணரியின் கம்பி கெட்டாலும் இது வரலாம். டைமிங் சங்கிலி தளர்ந்தாலும் வரலாம்.

டைமிங் சங்கிலி செய்யும் பணி, வாய்க்காலில் முறைவைத்துத் தண்ணீர் விடுவது போன்றது. கிராங்க் தண்டு இருமுறை சுழலும்போது கேம் தண்டு ஒருமுறை சுழன்று, வால்வுகளை உரிய நேரத்தில் திறந்து மூடவேண்டும். இவ்விரு தண்டுகளின் பற்சக்கரங்களையும் பிணைப்பதே அச்சங்கிலி. எல்லா வண்டியிலும் சங்கிலி இருப்பதில்லை. நம் விவசாயிகள் அறிந்த டிராக்டர் எஞ்சின்களில் பொதுவாகப் பல்லோடு பல் பொருந்திய சக்கரங்களே இருக்கும். மாருதி 800, டாட்டா இண்டிகா ஆகியவற்றில் ரப்பர் பெல்ட். அது பெரும்பாலும் ஓசை எழுப்பாமலே அறும். ஆகவே கையேட்டில் குறித்த தூரத்தில் அதனை மாற்றியே தீரவேண்டும். 2014 வரை உத்தரபாராவில் தயாரான அம்பாசிடரின் பழைய எஞ்சினில் இருப்பது குட்டைச் சங்கிலி. 2007 முதல் 2020 வரை விற்ற ஸ்விஃப்ட் டீசல் காரிலும் சங்கிலிதான். இன்று கிராமங்களுக்குக் கைமாறி வருவனவற்றில் இவ்வண்டியும் ஒன்று.

சங்கிலி நீண்டுவிட்டது என்கிறோம். சைக்கிள் வைத்திருப்போர் அறிவர்; இரும்பு இழுபட்டு நீள்வதில்லை. ஒவ்வொரு கண்ணியின் ஆணியும் துளையும் சிறிது சிறிதாகத் தேய்ந்து, அத்தேய்மானங்கள் அனைத்தும் கூடி நீளமாகின்றன. அவ்வாறு தேய்ப்பது பெரும்பாலும் அழுக்கு எண்ணெயே. ஸ்விஃப்ட் டீசலில் சங்கிலியை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும் எண்ணெய் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. எனவே எண்ணெய் கெட்டால் சங்கிலியும் தேய்கிறது, அதனைப் பிடிக்கும் கையும் தளர்கிறது. அரியலூர்ப் பகுதியில் சுண்ணாம்புக்கல் லாரிகள் எழுப்பும் புழுதி வேறு இருக்கிறது. காற்று வடிகட்டியை அடிக்கடி பார்க்காவிட்டால் அப்புழுதியும் எஞ்சினுள் புகுந்து எண்ணெயில் கலக்கும்.

நல்ல காலமாக, சங்கிலி அறுவதற்கு முன் பெரும்பாலும் குரல் கொடுக்கும். காலையில் முதன்முதலாக இயக்கும்போது எஞ்சினின் முன்புறத்தில் தகர டப்பாவில் கூழாங்கல் குலுங்குவது போன்ற ஓசை எழுகிறதா? ஓரிரு நொடிகளில் அடங்கினால், எண்ணெய் ஏறத் தாமதமாகிறது, நாட்குறித்து வையுங்கள். நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனால் காத்திராதீர்கள். டாப்பெட் ஓசையோடு இதனைக் குழப்பிக்கொள்வோர் பலர். டாப்பெட் சீராக, தையல் இயந்திரம்போல் தட்டும். சங்கிலியோ சலசலத்து உரசும், ஆக்ஸிலேட்டரைத் தளர்த்தும்போது பெரும்பாலும் மிகும். நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையைச் சங்கிலி மூடியில் வைத்து, பிடியைக் காதருகே வைத்துக் கேட்டால் ஓசை எங்கிருந்து வருகிறது என்பது புலப்படும். சுழலும் ஃபேனிலிருந்து துண்டும் வேட்டியும் விலகியிருக்கட்டும். ஓசையோடு கூட, வண்டி இயங்க அடம்பிடித்தல், ஏற்றத்தில் இழுவை குறைதல், மஞ்சள் விளக்கு எரிதல் ஆகியவை சேர்ந்தால் ஐயம் உறுதிப்படும்.

அம்பாசிடருக்கு நான் பெரிதும் மதிக்கும் ஒரு பழைய சோதனை உண்டு. டிஸ்டிரிபியூட்டர் மூடியைக் கழற்றி, எஞ்சினைக் கையால் ஒரு திசையில் சற்றுச் சுழற்றி, பிறகு மெதுவாக எதிர்த்திசையில் திருப்புங்கள். கிராங்க் தண்டு திரும்பியும் உள்ளேயுள்ள ரோட்டார் அசையாமல் நிற்கும் அந்த இடைவெளிதான் பெரும்பாலும் சங்கிலியின் தளர்ச்சி. செலவின்றி ஐந்து நிமிடத்தில் உண்மை தெரிந்துவிடும்.

தளர்ந்த சங்கிலி ஒரு பல் தாண்டினால், ஸ்விஃப்ட் டீசல் போன்ற எஞ்சினில் திறந்திருக்கும் வால்வை மேலேறும் பிஸ்டன் மோதிவிடக்கூடும். அதன்பின் பழுது பார்க்கும் செலவு சங்கிலி மாற்றும் செலவைப்போல் பன்மடங்காகும். மாற்றும்போது சங்கிலியோடு பற்சக்கரங்கள், டென்ஷனர், வழிகாட்டிப் பட்டைகள் அனைத்தையும் மாற்றவேண்டும். தேய்ந்த சக்கரத்தில் புதுச் சங்கிலியை மாட்டுவது சிக்கனமன்று. ஸ்விஃப்ட் டீசலில் தண்டுகளைப் பூட்டிப் பிடிக்கும் தனிக் கருவிகள் தேவை. அவை பட்டறையில் உள்ளனவா என்று முன்னரே கேளுங்கள். மாட்டியபின், சாவியைத் திருப்புமுன் கிராங்க் தண்டைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். எங்கேனும் தடுத்தால் அவ்விடத்திலேயே நிறுத்தலாம்.

நம்மவரிடையே குறைந்தால் ஊற்றுவதும் மாற்றாமல் விடுவதும் வழக்கமாகிவிட்டது. ஊற்றிய புது எண்ணெய் பழைய அழுக்கைக் கரைப்பதில்லை. டிராக்டருக்கு வாங்கி மிஞ்சியதைக் காரில் கவிழ்ப்பதும் அவ்வாறே தவறு. கையேட்டில் கண்ட தரத்தையே வாங்குக. டீசல் எண்ணெய் மாற்றிய சில நாளிலேயே கறுப்பதால், நிறத்தைக் கொண்டு நாளைக் கணிக்க இயலாது. ஒரு சிறு அட்டையில் எண்ணெய் மாற்றிய தேதியையும், அன்று மீட்டர் காட்டிய கிலோமீட்டரையும், அடுத்து மாற்றவேண்டிய கிலோமீட்டரையும் எழுதி, ஓட்டுபவர் யாராயினும் பார்க்கும்படி கதவின் உட்புறத்தில் ஒட்டி வையுங்கள்.