ஒளியிழையும் வீட்டாரின் சொந்த ரவுட்டரும்

பதுளைக்குப் புகையிரதம் வந்து சேர்ந்தது 1924ஆம் ஆண்டிலாகும். கொழும்பிலிருந்து மலையேறி, அப்புத்தளையையும் பண்டாரவளையையும் கடந்து, தெமோதரையில் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொண்டு வரும் அந்தப் பாதை பதுளை நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் பசறைக்கோ, லுணுகலைக்கோ, நமுனுகுலை மலைச்சாரலிலுள்ள தோட்டங்களுக்கோ போகவேண்டிய பொருள் வேறு வண்டியில் ஏற்றப்படவேண்டும். தண்டவாளம் அரசாங்கத்துக்குரியது. நிலைய வாசலுக்கு வெளியே நிற்கும் வண்டியோ யாருடையதாகவும் இருக்கலாம். இன்று வீடுகளுக்கு வந்து சேரும் ஒளியிழை இணையத்தின் அமைப்பும் ஏறக்குறைய இத்தகையதே. கம்பனியார் கொண்டுவந்து தரும் பாதை ஓரிடத்தில் முடிகிறது. அதற்கப்பால் வீட்டார் தமது சொந்தக் கருவியை வைத்துக்கொள்ளலாமா, வைத்துக்கொண்டால் எவ்வாறு இணைப்பது என்ற கேள்வி ஊவா மாகாணத்து நகரங்களிலும் தோட்டங்களிலும் இப்பொழுது எழுந்துள்ளது.

முதலில் அந்தப் பாதை எத்தகையது என்பதைப் பார்ப்போம். பழைய தொலைபேசிக் கம்பி செம்பினால் ஆனது. அதன் வழியே இணையத்தையும் அனுப்பும் ஏ.டி.எஸ்.எல். என்னும் முறை இந்நாட்டில் பல்லாண்டுகள் வழங்கிற்று. அதன் குறை யாதெனில், தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் கூடக்கூட வேகம் குறைந்துகொண்டே போகும். நான்கைந்து கிலோமீற்றருக்கு அப்பால் அது பெயரளவிலான இணைப்பாகவே இருக்கும். நிலையம் பட்டினத்திலும் வீடு மூன்று மலை தாண்டிய தோட்டத்திலும் இருக்கும் நாட்டில் இது சிறிய குறையன்று. ஒளியிழையோ கண்ணாடியால் ஆனது; தலைமயிரளவு மெல்லியது. அதனுள் மின்சாரம் ஓடுவதில்லை, ஒளியே ஓடுகிறது. மிகத் தூய்மையான கண்ணாடி கிடைக்குமானால் ஒளியின் மூலம் நெடுந்தூரம் செய்தி அனுப்பலாம் என்று சார்ள்ஸ் காவோ என்னும் அறிஞர் 1966ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அதற்காக 2009ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. இன்று வீடுகளுக்கான ஒளியிழை இருபது கிலோமீற்றர் வரை வேகம் குன்றாது செல்கிறது.

ஒவ்வொரு வீட்டுக்கும் நிலையத்திலிருந்து தனித்தனி இழை வருவதாகச் சிலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, வழியில் ஒரு சிறு பிரிப்பானில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிந்து அத்தனை வீடுகளுக்கும் போகிறது. அந்தப் பிரிப்பானுக்கு மின்சாரம் வேண்டியதில்லை. கண்ணாடியே ஒளியைப் பங்கிட்டு விடுகிறது. நிலையத்திலிருந்து வீடுகளை நோக்கி ஒரு நிறத்து ஒளியும், வீடுகளிலிருந்து நிலையத்தை நோக்கி மற்றொரு நிறத்து ஒளியும் ஒரே இழையில் எதிரும் புதிருமாகச் செல்கின்றன. நிறம் என்று சொன்னாலும் இவை கண்ணுக்குப் புலனாகா. இழையின் முனையைக் கண்ணருகே பிடித்து உற்று நோக்குதல் ஆகாது என்பதைச் சிறுவர் உள்ள வீட்டார் முக்கியமாகக் கவனிக்கவேண்டும்.

வீடுகள் அனைத்தும் ஒரே இழையில் நிலையத்துக்குப் பேசவேண்டியிருப்பதால், ஒவ்வொரு வீட்டுக்கும் பேசும் நேரம் குறித்துக் கொடுக்கப்படுகிறது. அந்நேரத்தைக் கணக்கிட்டு, முறை வரும்போது மாத்திரம் ஒளியை விடுவது, சுவரில் மாட்டப்படும் ஓ.என்.டி. என்னும் முனையப் பெட்டியாகும். பழுதுபட்ட அல்லது பொருந்தாத பெட்டியொன்று முறை தவறி ஒளியை விடுமானால், அந்த வீடு மாத்திரமன்றி அதே கிளையிலுள்ள அயல்வீடுகளும் இணைப்பை இழக்கும். இதனாலேயே ஒவ்வொரு பெட்டியின் தொடர் இலக்கத்தையும் கம்பனியார் தமது நிலையத்தில் பதிந்து வைக்கின்றனர். கடையில் வாங்கிய வேறொரு பெட்டியை இழையில் செருகினால், பதிவில்லாத அதனை நிலையம் ஏற்றுக்கொள்ளாது. ஆகவே, சொந்தக் கருவி என்று பேசும்போது ஓ.என்.டி. வேறு, ரவுட்டர் வேறு என்ற பாகுபாடு முதலில் மனத்திற் பதியவேண்டும். பெரும்பாலான பெட்டிகளில் இவ்விரண்டும் ஒரே உறைக்குள் அடங்கியிருப்பதாலேயே குழப்பம் உண்டாகிறது.

ரவுட்டர் செய்யும் வேலையை மலையகத்தாருக்கு விளக்குவது எளிது. தோட்டத்து லயங்களில் வாழ்வோருக்கு நெடுங்காலமாகத் தனி முகவரி இருந்ததில்லை. கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வரும். தோட்டக் காரியாலயத்தில் பிரித்து, இன்ன லயத்து இன்னார் என்று அறிந்து கொடுப்பார்கள். நேர்முகப் பரீட்சைக்கான அழைப்புக் கடிதம் காலங்கடந்து கைக்கு வந்த கதையைக் கேளாத தோட்டம் இல்லை. ரவுட்டரும் அத்தகைய காரியாலயமே. வெளியுலகம் அறிவது ஒரே ஒரு முகவரியை. வீட்டினுள் இருக்கும் கைத்தொலைபேசி, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றுக்கு ரவுட்டர் தானே உள் இலக்கங்களை வழங்கி, வரும் பொதிகளை உரியவரிடம் சேர்க்கிறது. நல்லவேளையாக அது கடிதங்களை மேசை இழுப்பறையில் மறந்து வைப்பதில்லை.

கம்பனியார் தரும் பெட்டியிலேயே ரவுட்டரும் வைஃபையும் இருக்க, வேறொன்று எதற்கு? மலைநாட்டுக் கட்டடமே அதற்கு விடை. பழைய லயங்களின் சுவர்கள் பல இடங்களில் கருங்கல்லாலானவை. காம்பிராக்கள் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவினவாயினும் இடைச்சுவர்கள் தடித்தவை. மேலே தகரக் கூரை. வைஃபை அலை கல்லை ஊடுருவும்போது வலுவிழக்கிறது. தகரத்தில் பட்டால் திரும்பிவிடுகிறது. புதிய வீடமைப்புத் திட்டங்களில் ஏழு பேர்ச் காணியில் தனித்தனியாக எழும்பியுள்ள வீடுகளிலோ, முன்னறையில் மாட்டிய பெட்டியின் அலை பின்புறத்துச் சமையலறையைத் தாண்டுவதில்லை. 2021ஆம் ஆண்டில் பெருந்தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, லுணுகலைப் பகுதியில் மாணாக்கர் மலையுச்சியில் மரத்தின்மேற் கட்டிய பரணில் ஏறி அமர்ந்து பாடம் கேட்டமையை உலகப் பத்திரிகைகள் படத்தோடு வெளியிட்டன. மரத்திலேறிப் பெற்ற அலையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்த பின்னர், அது உள்ளறையிற் படிக்கும் பிள்ளையின் மேசையை எட்டாமற் போனால் பயன் என்ன?

இன்னொரு காரணமும் உண்டு. பல கட்டணத் திட்டங்களில் மாதாந்தம் இவ்வளவு தரவு என்ற எல்லை இருக்கிறது. மாதத்தின் நடுப்பகுதியிலேயே திரைப்படங்களால் அது தீர்ந்துபோக, பரீட்சை எழுதும் பிள்ளை கைகட்டி நிற்கும் வீடுகள் உள்ளன. தரமான சொந்த ரவுட்டரில் எந்தக் கருவி எவ்வளவு செலவிட்டது என்று பார்க்கலாம். இன்ன கருவிக்கு இன்ன நேரம் என்று வரையறுக்கவும் கூடும்.

இணைக்கும் முறைகளில் மிக எளியது, கம்பனியின் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுச் சொந்தக் கருவியை வைஃபை பரப்பும் நிலையமாக மாத்திரம் பயன்படுத்துவதாகும். இதற்குப் புதிதாக ஒன்றும் வாங்கவேண்டியதில்லை. ஏ.டி.எஸ்.எல். காலத்து ரவுட்டர் ஒன்று அலுமாரிக்கு மேலே தூசி படிந்து கிடக்குமானால் அதுவே போதும். அதனை முதலில் ஒரு கணினியோடு தனியே இணைத்து, உள் இலக்கங்களை வழங்கும் டி.எச்.சி.பி. என்னும் வேலையை நிறுத்திவிட வேண்டும். இல்லையேல் ஒரு தோட்டத்தில் இரண்டு காரியாலயங்கள் ஒரே இலக்கத்தை இருவருக்குக் கொடுத்த கதையாகும். பின்னர் அதன் சொந்த இலக்கத்தை மாற்றவேண்டும். கம்பனிப் பெட்டி 192.168.1.1 என்றிருந்தால், இதற்கு 192.168.1.2 என்பதுபோல, வேறு கருவிக்கு வழங்கப்படாத இலக்கம் ஒன்றைக் கொடுக்கலாம். இறுதியாக, இரு பெட்டிகளின் மஞ்சள் நிறத்து அல்லது லான் எனக் குறித்த துளைகளை ஈதர்நெட் வடத்தால் இணைத்துவிட வேண்டும். தொலைபேசிக் கம்பிக்குரிய துளையில் எதையும் செருகவேண்டியதில்லை. அவ்வடம் நூறு மீற்றர் வரை நீளலாம். பழைய கருவி வேகத்தில் குறைந்ததேயாயினும், பாடங் கேட்கவும் படிக்கவும் அது தாராளமாகப் போதும்.

சொந்த ரவுட்டரை முழு ரவுட்டராகவே கம்பனிப் பெட்டிக்குப் பின்னால் வைப்பது இரண்டாவது வழி. தரவைக் கட்டுப்படுத்த விரும்புவோருக்கு இது ஏற்றது. கம்பனிப் பெட்டியின் லான் துளையிலிருந்து சொந்த ரவுட்டரின் வான் துளைக்கு வடம் செல்லவேண்டும். இரண்டின் உள் இலக்க வரிசைகளும் வெவ்வேறாக இருத்தல் அவசியம். இங்கே கடிதம் முதலில் பெரிய காரியாலயத்துக்கும், அங்கிருந்து டிவிசன் காரியாலயத்துக்கும் போய்ச் சேருகிறது. படிப்பதற்கும் படம் பார்ப்பதற்கும் இதனால் இடையூறில்லை. ஆனால், வெளியூரிலிருந்து வீட்டுக் கமராவைப் பார்க்க முயல்வோரும் சிலவகை விளையாட்டுகளை விளையாடுவோரும் இடர்ப்படுவர். அவர்களுக்காகவே மூன்றாவது முறை இருக்கிறது. கம்பனிப் பெட்டியிலுள்ள ரவுட்டரை உறங்கவிட்டு, அதனை வெறும் பாலமாக்கி, இணையத்தில் நுழைவதற்குரிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் சொந்த ரவுட்டரில் பதிவதே அது. பாலமாக்குவதும் அந்தக் கடவுச்சொல்லைத் தருவதும் பெரும்பாலும் கம்பனியாரின் கையிலுள்ளன. இம்முறையை நாடுமுன் ஒன்றை யோசிக்கவேண்டும். ஸ்ரீலங்கா டெலிகொம் போன்ற நிறுவனங்களின் ஒளியிழையில் தொலைபேசியும் தொலைக்காட்சியும் அதே பெட்டியின் வழியாகவே வருகின்றன. இணையத்துக்குரிய துளை மாத்திரம் பாலமாதல் வேண்டும். தொலைபேசித் துளையும் தொலைக்காட்சித் துளையும் முன்போலவே இருத்தல் வேண்டும். இதனைத் தெளிவாகச் சொல்லிக் கேட்காவிடில், புதிய ரவுட்டர் வந்த அன்றே பாட்டியின் தொலைபேசி ஊமையாகிவிடக் கூடும்.

இதில் உரிமை யாருக்கு என்ற வழக்கு உலகில் புதியதன்று. அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பனியின் கம்பியோடு அந்நியக் கருவி எதையும் இணைக்கலாகாது என்ற விதி பலகாலம் இருந்தது. தோமஸ் காட்டர் என்பவர் செய்த கருவி தொடர்பாக 1968ஆம் ஆண்டில் வந்த தீர்ப்பு அவ்விதியை உடைத்தது. ஜேர்மனியில் 2016ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி தொடக்கம் வாடிக்கையாளர் தமக்கு விருப்பமான கருவியைப் பயன்படுத்தச் சட்டம் இடமளிக்கிறது; கடவுச்சொல்லைக் கம்பனியார் கேட்காமலே தரவேண்டும். ஒளியிழைக் கம்பனிகள் சில, மேலே சொன்ன நேரப் பங்கீட்டைக் காரணங்காட்டி அதற்கு விலக்குக் கேட்டன. அவர்களின் வாதம் முனையப் பெட்டியைப் பொறுத்தவரை ஓரளவு நியாயமானதே. ரவுட்டருக்கு அது பொருந்தாது. இலங்கையில் 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டமும் 1996ஆம் ஆண்டில் அதற்கு வந்த திருத்தமும் இத்துறையை ஆளுகின்றன. தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு கருவிகளின் மாதிரிகளைப் பரிசீலித்து அங்கீகாரம் வழங்குகிறது. கடையில் ரவுட்டர் வாங்குவோர் அவ்வங்கீகாரம் உண்டா என்று வினவுதல் நலம். பழைய பாவித்த கருவியாயின், அது வேறொரு கம்பனியின் இணைப்புக்கே பூட்டப்பட்டதா என்றும் பார்க்கவேண்டும். ஒரே இணைப்பை அயல் காம்பிராக்களோடு பங்கிட நினைப்போர், தாம் கையொப்பமிட்ட உடன்படிக்கை அதற்கு இடந்தருகிறதா என்று படித்தறிதல் வேண்டும்.

ஊவாவில் பங்குனி, சித்திரை மாதங்களிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பிற்பகலில் இடிமழை பெய்வது வழக்கம். கண்ணாடியிழை மின்னலைக் கடத்தாது. எனினும் பெட்டிக்கு வரும் மின்சாரக் கம்பி கடத்தும்; இரண்டு வீடுகளுக்கு இடையே வெளிப்புறமாக இழுத்த செம்பு வடமும் கடத்தும். ஆகவே ஈதர்நெட் வடத்தை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டு, இடி முழங்கும்போது மின்செருகிகளைக் கழற்றிவிடுவது பாதுகாப்பானது. இழையையும் முறுக்கி ஆணியில் மாட்டலாகாது. கூர்மையாக வளைந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். பழைய தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே கம்பி வழியாக மின்சாரம் வந்தது. மின்வெட்டிலும் அது பேசிற்று. ஒளியிழை அவ்வாறு மின்சாரத்தைக் கொண்டுவராது. 2022ஆம் ஆண்டில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது பலர் இதனை உணர்ந்து, சிறிய மின்கலப் பெட்டிகளை வாங்கினர். சொந்த ரவுட்டர் வைத்திருப்போர் முனையப் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் ஆக இரண்டுக்கும் மின்கலம் வைக்கவேண்டும். வோல்ற்றளவு இரண்டிலும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ணாமல், அடியில் ஒட்டியுள்ள சீட்டைப் பார்த்தே பொருத்தவேண்டும்.

இணைப்பு நின்றுவிட்டால் முதலில் முனையப் பெட்டியின் விளக்குகளைப் பார்க்கவேண்டும். ஒளியிழைக்குரிய விளக்கு சிவப்பாக எரிந்தால் பழுது வெளியே உள்ளது. சொந்த ரவுட்டரைத் திறந்து ஆராய்வதில் பயனில்லை. அவ்விளக்கு பச்சையாக இருந்து இணையம் மாத்திரம் வராவிட்டால், சொந்த ரவுட்டரைக் கழற்றி வைத்துவிட்டு, கணினியொன்றை முனையப் பெட்டியோடு நேரே இணைத்துப் பார்க்கவேண்டும். அப்பொழுது இணையம் வந்தால் குறை வீட்டாரின் கருவியில் உள்ளது. பாலமாக்கிய பெட்டியாயின், நுழைவுக் கடவுச்சொல்லை அக்கணினியிலும் பதிந்தே இச்சோதனையைச் செய்ய இயலும். அப்பொழுதும் வராவிட்டால், கம்பனியாருக்கு அழைத்து, இச்சோதனையைச் செய்தாயிற்று என்று முதல் வாக்கியத்திலேயே தெரிவிக்கலாம்.