செவியில் உருவான வீரன்



சேலம் அஸ்தம்பட்டியைக் கடந்து ஏற்காட்டுச் சாலையிற் செல்வோர், மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் பழைய முகப்பு வளைவைக் காணலாம். டி. ஆர். சுந்தரம் அவர்கள் நிறுவிய அக்கலைக்கூடம் 1937-ஆம் ஆண்டில் தன் முதற் படத்தை வெளியிட்டது. அங்கே கதைகள் கண்ணுக்காகச் சமைக்கப்பட்டன. அதே பத்தாண்டில், கடல் கடந்த டெட்ராய்ட் நகரில், செவிக்காகவே ஒரு வீரக்கதை சமைக்கப்பட்டது. 'லோன் ரேஞ்சர்' என்பது அதன் பெயர். தனித்து நின்ற காவலன் என்று பொருள் கொள்ளலாம்.

1933 ஜனவரியில் தொடங்கிய அவ்வானொலித் தொடரை நடத்தியவர் ஜார்ஜ் டிரெண்டில். எழுதியவர் ஃபிரான் ஸ்டிரைக்கர். கொள்ளையர் தாக்குதலில் தோழர்களை இழந்து உயிர் தப்பிய காவலன் ஒருவன், முகமூடி அணிந்து, வெண்புரவி ஏறி, எளியோரைக் காக்கிறான். எவரையும் கொல்வதற்காக அவன் சுடுவதில்லை. கொச்சை மொழி பேசுவதுமில்லை. கேட்போர் சிறுவர் என்பதை ஆசிரியர் மறவாததே காரணம்.

முகமூடியைச் சிறுவர் கண்டதில்லை, புரவியையும் கண்டதில்லை. ரோசினியின் இசை முழங்கும், குளம்பொலி எழும், எஞ்சியதைச் சிறுவரின் கற்பனையே நிறைவு செய்யும். வானொலி நாடகங்களில் குளம்பொலிக்குக் கொட்டாங்கச்சி இரண்டே போதும் என்பதை நம் நாட்டுப் பிள்ளைகளும் வீட்டிலேயே தட்டிப் பார்த்து அறியலாம்.

ஆனால், குரலுக்கு மாற்று எது? 1941 ஏப்ரலில், வீரனாகப் பேசிவந்த ஏர்ல் கிரேசர் மோட்டார் விபத்தில் மாண்டார். திடீரென வேறொரு குரல் ஒலித்தால் சிறுவர் நம்புவரோ? ஆகவே, வீரன் காயமுற்றதாகக் கதை திருப்பப்பட்டது. சில நாள்கள் அவன் பேசவே இயலாமல் கிடந்தான். தோழன் டோன்டோ கதையை நடத்திச் சென்றான். பின்னர், அத்தொடரின் அறிவிப்பாளராக இருந்த பிரேஸ் பீமரின் குரலில் வீரன் மீண்டான். 1954-இல் தொடர் முடியும்வரை அக்குரலே நிலைத்தது.

செவிவழி வரும் நம்பிக்கைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. டோன்டோ அமெரிக்கப் பழங்குடியைச் சார்ந்தவன். ஆனால் அவனாகப் பேசிய ஜான் டாட் அக்குடியினர் அல்லர். அறிவும் துணிவும் மிக்க அத்தோழன் வாயில் சிதைந்த ஆங்கிலமே வைக்கப்பட்டது. அம்மக்களை நேரிற் காணாத சிறுவர் பலர், அவர்கள் பேச்சே அத்தகையது என எண்ணியிருப்பர். வீரனுக்குச் செம்மொழி வேண்டுமென விதித்தவர்கள், தோழனுக்கு அதை வழங்கவில்லை.

நமது திருச்சி நிலையம் 1939-இல் ஒலிபரப்பைத் தொடங்கியது. அங்கும் பிற நிலையங்களிலும் சிறுவர்க்கு நாடகம் ஆக்குவோர் இவ்விரண்டையும் நினைவிற் கொள்ளுதல் நலம். கண்ணால் காண்பதைக் குழந்தை ஐயுறக்கூடும். செவியால் கேட்பதையோ, தானே உருவாக்கிக் காண்கிறது. தான் உருவாக்கியதை அது எளிதில் கைவிடுவதில்லை.